களிம்பேறிய பழங்காசு: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது, எங்கே கையை எடுப்பது

யாராவது பழங்காசைக் கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் கேட்பது, "இதை எதிலாவது ஊறப் போட்டீங்களா?" என்றுதான். எந்த அரசன் காசு, என்ன விலை போகும் என்பதெல்லாம் அப்புறம். புளி, எலுமிச்சம்பழம், வினிகர், பல்பசை, பாத்திரம் விளக்கும் பொடி என்று பதில் வரும். மண்ணுக்குள் ஆயிரம் வருஷம் தாக்குப்பிடித்த செப்புக்காசு சமையலறையில் ஒரே ராத்திரியில் செத்துப்போனதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இங்கே சொல்வது பெரும்பாலும் நம் பக்கத்துச் செப்புக்காசுகளுக்கு: ராஜராஜன் பெயர் பொறித்த சோழர் காசு, சங்ககாலப் பாண்டியரின் சதுரக்காசு, கரூரிலும் மதுரையிலும் கிடைத்த 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமானியச் சின்னக்காசு, நாயக்கர் காசு. வெள்ளியும் ஈயமும் வேறு சாதி. அவை பின்னால் வருகின்றன.

தொடங்குமுன்: காசு எங்கிருந்து வந்தது?

மண் தோண்டும்போது கிடைத்தது என்றால் இங்கேயே நிறுத்துங்கள், கழுவக்கூட வேண்டாம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புப் பெறும் எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஊர் வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொன்னால் எப்படி எழுதுவது என்று வழி காட்டுவார்கள். ஒட்டியிருக்கும் மண்ணும், எந்த ஆழத்தில் எதோடு கிடந்தது என்ற தகவலும் காசைவிடப் பெரிய சரக்கு.

தாத்தா பெட்டியில் இருந்தது, அல்லது ரசீதோடு வாங்கியது என்றால் மேற்கொண்டு படியுங்கள். ஒன்று மட்டும்: 100 வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொல்பொருள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பலாம் என்று நினைக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. மூங்கில் பல்குத்தி, கருவேல முள், குழந்தைகளுக்கான மெத்தென்ற பல்துலக்கி. தண்ணீர் என்றால் காய்ச்சி வடித்த நீர்தான். மெக்கானிக் கடையில் 'பேட்டரி தண்ணி' என்று கேட்டால் கிடைக்கும். வாங்கியதும், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள், 0 முதல் 5-க்குள் காட்ட வேண்டும். போர்வெல் தண்ணீரில் ஒரு செப்புக்காசை ஊறப் போடுவதும் உப்புத்தொட்டியில் போடுவதும் ஒன்று. ஆர்.ஓ. தண்ணீரையும் மீட்டர் வைத்துப் பார்த்தால் அதில் எவ்வளவு உப்பு மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

வேலை தொடங்குமுன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பின்னால் இரண்டு மூன்று இடத்தில் கை கொடுக்கும்.

அறிகுறி 1: ஒன்றுமே தெரியவில்லை, வெறும் மண்ணுருண்டை

எளிய காரணம், மண்தான். உலர்ந்த பல்துலக்கியால் மெதுவாகத் தட்டுங்கள், தேய்க்காதீர்கள். உதிர்ந்தால் மண். பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரே ஒரு காசு, அது மூழ்கும் அளவு வடித்த நீர். 24 மணி நேரம் கழித்து எடுத்து, ஈரம் இருக்கும்போதே மூங்கில் குச்சியால் மண்ணைத் தள்ளுங்கள். மறுபடி புது நீர். ஒரு வாரம் பத்து நாள் ஆனால் ஆகட்டும்.

அடுத்த காரணம், சுண்ணாம்பு. வெளுப்பாக, கல்போல் இறுகி, குச்சிக்கு அசையாது. ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும் என்று சொல்வார்கள். நுரைக்கத்தான் செய்யும், ஆனால் அந்தச் சொட்டு அங்கேயே நிற்காது, ஓரத்தில் இறங்கிச் செம்பையும் தின்னும். விளிம்பில் முள்ளால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி வந்தால் சுண்ணாம்பு. நீரில் ஊறியும் அசையாவிட்டால் அது வீட்டு வேலை இல்லை.

மூன்றாவது, எல்லாருக்கும் ஏமாற்றம் தருவது: அந்த உருண்டையே காசு. உள்ளே உலோகம் மிச்சமில்லாமல் முழுக்கக் களிம்பாக, அதாவது செம்பு அரிபட்டு உண்டாகும் படிவாக, மாறியிருக்கும். தராசு இங்கேதான் உதவும். செம்பு கனமானது, களிம்பு லேசானது. ராஜராஜன் காசு ஒன்று 3 முதல் 4 கிராம் வரை இருக்கும். அதே அளவு பருமனோடு உங்கள் காசு பாதிகூட இல்லை என்றால், சுத்தம் செய்யச் செய்யக் கரைந்து போவதற்குத்தான் வாய்ப்பு. அப்படியே பெட்டியில் வையுங்கள்.

நல்லெண்ணெயில் ஆறு மாதம் ஊறப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. கறை இளகும், உண்மைதான். ஆனால் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் மெல்ல மெல்லச் செம்பை அரிக்கும், பிசின்போல் துளைக்குள் தங்கியும் விடும். பிறகு எந்த மருந்தும் உள்ளே இறங்காது. நான் விட்டுவிட்டேன்.

அறிகுறி 2: பச்சையாக இருக்கிறது

இந்த ஓர் இடத்தில்தான் அதிகக் காசு பலியாகிறது. பச்சை என்றதும் கை பரபரக்கும். முதலில் முள்ளை எடுத்து, ஓரத்தில் ஒரு புள்ளியில் மெல்லக் குத்திப் பாருங்கள்.

குத்தினால் இறங்கவில்லை, வழவழப்பாக, கரும்பச்சை அல்லது பாசிப்பச்சை:
இது நோய் இல்லை, தோல். சேகரிப்பவர்கள் 'பேட்டினா' என்று தலையில் வைத்துக் கொண்டாடுவது இதைத்தான். எழுத்தும் உருவமும் இந்தப் பச்சையில்தான் நிற்கின்றன. அடியில் உள்ள செம்பில் இல்லை. பச்சையை உரித்தால் ராஜராஜனையும் சேர்த்து உரித்தெடுத்தது போலத்தான். உயிரோடு ஒட்டிய அழுக்கான ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொன்ன சைவ சித்தாந்திகள் செம்பை நன்றாகக் கவனித்தவர்கள். செம்போடு கூடவே இருப்பது, நீக்க இறைவன் அருள்தான் வேண்டும் என்றார்கள். நாம் விட்டுவிடுவோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சோழர் செப்புக்காசைப் பார்த்து, "உருவம் தேஞ்சு போச்சு, இன்னும் கொஞ்சம் சுரண்டினா தெளியும்" என்று நினைப்பவர்கள் உண்டு. கம்பியை வளைத்து ஒட்டியது போன்ற அந்த உருவம் தேய்ந்தது இல்லை. அச்சே அப்படித்தான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் இடக்கைக்குக் கீழே நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ'. இந்த மூன்றும் புரிந்துவிட்டதா? காசு சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, குச்சியைக் கீழே வையுங்கள்.

குத்தினால் பொடியாக உதிர்கிறது, வெளிர்பச்சை, அடியில் குழி:
அறிகுறி 3-க்குப் போங்கள். உடனே.

பச்சை, ஆனால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது:
காசு பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்ததா? மலிவான பி.வி.சி. உறையிலிருந்து கசிந்த பசை அது. சுத்தமான அசிட்டோனில் ஒரு நிமிஷம் போட்டுப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போய்விடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம்; அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பங்கரையிலோ சாமி விளக்குப் பக்கத்திலோ திறக்காதீர்கள். ஆல்பத்தைக் குப்பையில் போடுங்கள். அதே உறையில் திரும்பவும் வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து என்னிடம் வராதீர்கள்.

அறிகுறி 3: வெளிர்பச்சைத் தூள், துடைத்தாலும் திரும்ப வருகிறது

இதுதான் வெண்கல நோய். பெயர் வெண்கலம் என்றாலும் செம்புக்கும் வரும். காசுக்குள் தங்கிவிட்ட குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்றுகொண்டே போகும். தின்னத் தின்ன மறுபடி அதே உப்பு உண்டாவதால் தானாக நிற்காது. கடலோரத்து ஊர்களில், ஐப்பசி கார்த்திகையில் இது துள்ளும். கோடையில் நன்றாக இருந்த காசு மழைக்காலத்தில் திடீரென்று மாவு பூத்தது போல் நிற்கும்.

முதல் சந்தேகம்: நிஜமாகவே நோயா, பழைய தூளா?
மூங்கில் குச்சியால் தூளை முழுக்க எடுங்கள். மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் ஈரப்பஞ்சு ஒன்றை ஓரமாக வைத்து, காசு பஞ்சைத் தொடாமல் ஒரு பாட்டில் மூடி மேல் வையுங்கள். 24 மணி நேரம், சந்தேகம் தீராவிட்டால் 48. லென்ஸில் பாருங்கள். புதுப் பச்சை முத்து முத்தாகக் கிளம்பியிருந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. ஒன்றும் இல்லையென்றால் பழைய தூள்தான், உலர்த்திப் பத்திரப்படுத்துங்கள். இந்தச் சோதனையே நோயைக் கிளறிவிடும் என்பதால் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

உயிரோடு இருந்தால், செலவில்லாத வழி:
அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். கிருமிபோல் ஒட்டுவது இல்லைதான், ஆனால் உப்புத்தூள் பக்கத்துக் காசில் உதிர்ந்தால் அங்கேயும் தொடங்கும். குழிக்குள் இருக்கும் பச்சைத்தூளை முள்முனையால், லென்ஸ் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு குழிக்கு அரை மணி நேரம்கூட ஆகும். அவசரமாக இழுத்தால் குழியின் உதடு பெயர்ந்துவிடும். பிறகு வடித்த நீரில் போட்டு, தினம் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து எழுதுங்கள். முதல் சில நாள் எண் ஏறும். உப்பு வெளியே வருகிறது. நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். புது நீரில் 24 மணி நேரம் போட்டும் எண் ஏறவே இல்லை என்ற நிலை வந்தால் போதும். எடுத்து அசிட்டோனில் முக்கி ஈரத்தை விரட்டி, மேசை விளக்குச் சூட்டில் காயவிடுங்கள். வெறும் நீரால் ஆழத்து உப்பு முழுக்க வராது. மேலோட்டமான நோய்க்கு மட்டும் இது கேட்கும்.

அடுத்த படி:
குளோரைடை வெளியே இழுக்கும் காரப்பொடியான சோடியம் செஸ்குய்கார்பனேட், 100 மில்லிக்கு 5 கிராம், வடித்த நீரில். வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும், மாதக்கணக்கிலும் இழுக்கும். கரைசல் நீலம் பாரித்தால் அது பேட்டினாவையும் கரைக்கிறது என்று பொருள். உடனே எடுத்து, வடித்த நீருக்கு மாற்றுங்கள். முடிந்ததும் முன்பு சொன்ன அதே உலர்த்தல்.

இதற்கு மேல் பென்சோட்ரையசோல் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஆல்கஹாலில் 3 விழுக்காடு கரைத்துப் பயன்படுத்துவது வழக்கம். செம்பின் மேல் மெல்லிய படலமாக நின்று ஈரத்தைத் தடுக்கும். கையில் படக்கூடாத, மூச்சில் இழுக்கக்கூடாத சரக்கு. வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் நான் செய்ததும் இல்லை, செய்யச் சொல்வதும் இல்லை. இங்கிருந்து தொழில்முறை ஆள் கையில் கொடுத்துவிடுங்கள்.

எந்த வழி போனாலும் கடைசியில் காசு வாழப்போவது ஈரமில்லாத டப்பாவில்தான். காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நோய் படுத்துவிடும். ஜெல்லின் நிறம் மாறியதும் எடுத்து உலர்த்திப் போட வேண்டும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்குப் போகும் ரகத்தில் கோபால்ட் இருக்கிறது, அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

அறிகுறி 4: சுத்தம் செய்தபின் சிவந்துவிட்டது

சிவப்பில் இரண்டு உண்டு. மங்கலாக, செங்கல் நிறத்தில், இறுகி இருந்தால் அது பச்சைக்கு அடியில் இயல்பாக இருக்கும் படலம். அதைக் கண்டதும் நிறுத்தியிருந்தால் நல்லது; அதற்கும் கீழே போகாதீர்கள்.

பளபளவென்று, புதுச் செப்புக்குடம் போல் இளஞ்சிவப்பாக இருந்தால் அமிலம் தின்ற காசு. என் தூரத்து மாமா ஒருவர், பரம்பரையாக வந்த ஏழு சோழர் காசை ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்தார். தீபாவளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

"எதுல மாமா ஊறப் போட்டீங்க?"

"புளிக்கரைசல்டா. ராத்திரி முழுக்க. அப்புறம் சாம்பல் வெச்சு நல்லா தேய்ச்சேன். எப்படிப் பளிச்சுன்னு ஆயிடுச்சு பாரு!"

லென்ஸ் வைத்தேன். உருவம் இருந்த இடத்தில் அம்மைத்தழும்பு போல் சின்னச் சின்னப் பள்ளம். 'ஸ்ரீ' மட்டும் ஒரு காசில் அரைகுறையாக மிஞ்சியிருந்தது. அவரிடம் சொல்ல மனம் வரவில்லை, "நல்லா இருக்கு மாமா, இனிமே ஒண்ணும் செய்யாதீங்க" என்றேன்.

இதற்கு மருந்து கிடையாது. போனது போனதுதான். செய்ய முடிந்தது ஒன்றே: துளைகளில் மிச்சமிருக்கும் அமிலத்தையும் உப்பையும் வடித்த நீரில் வெளியேற்றி, உலர்த்தி வைப்பது. சில வருஷத்தில் தானாகக் கறுக்கும். கந்தகம் போட்டுக் கறுப்பாக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். பழக்கப்பட்ட கண்ணுக்குப் போலி என்று உடனே தெரியும், காசும் இன்னொரு முறை அரிபடும்.

பேட்டரி சார்ஜரும் உப்புத்தண்ணீரும் வைத்து மின்சாரத்தால் உரிக்கும் வீடியோக்களும் இந்தக் கணக்கில்தான் சேரும். குளோரைடை வெளியேற்ற வேண்டிய காசை உப்புநீரில் போடுகிறார்கள். எவர்சில்வர் கரண்டியை மின்வாயாகச் செருகினால் அதிலிருந்து விஷமான குரோமியமும் கரைந்து வரும்.

அறிகுறி 5: வெள்ளிக்காசு கறுத்துவிட்டது, அல்லது பச்சை பிடித்திருக்கிறது

மெல்லிய கறுப்பு என்றால் விடுங்கள். வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். காசுக்குக் கேடு இல்லை, முத்திரைகள் இன்னும் தெளிவாகத் தெரியக்கூட உதவும். விபூதி வைத்துத் தேய்ப்பது பூஜை அறை வெள்ளிக் கிண்ணத்துக்குச் சரி. முத்திரையிட்ட வெள்ளிக்காசில் தேய்த்தால் குறிகள் ஒவ்வொன்றாக மழுங்கும்.

பச்சை என்றால் வெள்ளியில் கலந்த செம்பு வெளியே வந்திருக்கிறது. வடித்த நீரும் முள்ளும் போதுமா பாருங்கள். போதாவிட்டால் நிறுத்துங்கள்.

சாம்பல் கலந்த ஊதா நிறத்தில், மெழுகு மாதிரி, நகம் பட்டாலே பதிந்தால் அது வெள்ளி குளோரைடு. தொடவே தொடாதீர்கள். நிபுணரிடம்தான்.

இன்னொன்று, மிகப் பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் பதத்தில் இருக்கலாம். மேசையில் சுண்டிச் சத்தம் கேட்டு உண்மையா போலியா என்று பார்ப்பார்கள் அல்லவா, அந்தச் சோதனையில் ஒரு நண்பரின் காசு பிஸ்கட் மாதிரி மூன்றாக உடைந்தது. காசு அசல்தான்.

அறிகுறி 6: ஈயக்காசில் வெள்ளைப் பொடி

சாதவாகனர் காசுகளிலும், செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் கிடைத்தவை போன்ற தமிழ் எழுத்துள்ள ஈயக்காசுகளிலும் வருவது. இதில் வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. பொடி விஷம், கையுறை போட்டு எடுத்து, ஊதாமல், தேய்க்காமல், மூடிய டப்பாவில் வையுங்கள். கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். எங்கே வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள்: புது மரப்பெட்டி, பிளைவுட் அலமாரி, அட்டைப்பெட்டி இவற்றிலிருந்து கிளம்பும் அமில ஆவிதான் பெரும்பாலும் காரணம். இடத்தை மாற்றாமல் எந்த நிபுணரிடம் போனாலும் பொடி திரும்ப வரும்.

எப்போது வெளியே கொண்டுபோவது?

நோய் இரண்டாம் முறை திரும்பினால். விரிசல் தெரிந்தால். ஈயம், குளோரைடு பிடித்த வெள்ளி என்றால் முதல் நாளே. எழுத்து இருக்கிறது, ஆனால் என்ன எழுத்து என்று புரியவில்லை என்றாலும் கொண்டுபோங்கள். 1980-களில் காசு ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்ட பாண்டியர் செப்புக்காசில், சங்ககால எழுத்தான தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்று பாண்டிய அரசன் பெயர் இருந்தது. அந்த ஒரு சொல்லால்தான் காசுக்கே பெயர். அப்படி ஓர் எழுத்தை நீங்கள் குச்சியால் தள்ளிவிட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வெண்கலச் சிலைகளின் நோயைத் தீர்ப்பதற்காக 1930-களிலேயே வேலை தொடங்கிய இடம். தனியார் காசுக்கு அங்கே என்ன செய்து தருவார்கள் என்பதை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்; குறைந்தது, என்ன செய்யக்கூடாது என்றாவது தெரிந்துவிடும். நகைப்பட்டறையில் மட்டும் கொடுக்காதீர்கள். மெருகேற்றுவது அவர்கள் தொழில், கேட்டதைச் சுத்தமாகச் செய்து கொடுத்துவிடுவார்கள்.

போகும்போது காசைத் துடைக்காமல், அமிலமில்லாத வெள்ளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். முதல் நாள் எடுத்த போட்டோ, எடை, எந்த நீரில் எத்தனை நாள் போட்டீர்கள் என்ற குறிப்பு, உதிர்ந்த தூள் ஒரு சின்னப் பொட்டலத்தில். புளியில் போட்டிருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.